மூலத்தில் இல்லாத வரி

அந்தப் பதிப்பகத்தின் முதலாளிக்குக் கம்ப்யூட்டர் மேல் நம்பிக்கை கிடையாது. அது எழுத்துப்பிழையைப் பிடிக்கும், விட்டுப்போன வரியைப் பிடிக்காது என்பது அவர் கட்சி. அதனால் ஒவ்வொரு புத்தகத்தையும் இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஒருத்தி மூலப் பிரதியைக் காற்புள்ளி, முற்றுப்புள்ளி உட்பட உரக்க வாசிப்பாள். இன்னொருத்தி அச்சுக்குப் போகும் தாளில் பென்சிலோடு பின்தொடர்வாள்.

வாசிப்பவளுக்கு ரேடியோ என்று பெயர். குரல் அப்படி. பென்சில்காரிக்குப் புள்ளி. ஒரு புள்ளி இடம் மாறியிருந்தால் அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்காது. நாற்பதைத் தாண்டிய இந்த இருவரும் பல வருஷமாக ஒருத்தியை ஒருத்தி காதலிக்கிறார்கள் என்பது அந்த அறையில் யாருக்கும் தெரியாது. இரண்டு பெண்கள் ஒரே டப்பாவில் சாப்பிட்டால் உலகம் அதைச் சிநேகிதம் என்று முடிவு கட்டிவிட்டு வேறு வம்பு தேடிப் போய்விடுகிறது.

முதலாளி காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்கிற ஆள். "இப்ப இதுதாம்மா ஓடுது" என்று பெண்ணும் பெண்ணும் காதலிக்கிற நாவல், திருநர் வாழ்க்கை, மூளை வேறு மாதிரி வேலை செய்கிறவர்களின் அனுபவம் என்று வரிசையாகப் போட ஆரம்பித்தார். தன் கதையை எழுதிய திருநங்கை ஒருவர் அட்டைப்படம் பார்க்க வந்தபோது பக்கத்தில் நின்று சிரித்துப் படம் எடுத்துக்கொண்டார். அன்று எல்லோருக்கும் பீங்கான் கோப்பையில் டீ வந்தது, அந்தத் திருநங்கைக்கு மட்டும் காகிதக் கோப்பை. ஊருக்கு உபதேசம் செய்கிறவர்களின் லட்சணம் அவ்வளவுதான். புள்ளி அந்தக் கோப்பையைப் பார்த்தாள், தனக்குள் இன்னும் கொஞ்சம் சுருங்கிக்கொண்டாள்.

அடுத்து வந்தது ஆட்டிசம் உள்ள ஒரு பெண் எழுதிய புத்தகம். டியூப்லைட்டின் இரைச்சல் மண்டைக்குள் ஊசியாக இறங்குமாம். முகத்துக்கு நேரே ஒன்றைக் கேட்டால் பதில் தொண்டையில் நின்றுவிடுமாம். ரேடியோ வாசிக்க வாசிக்கப் புள்ளியின் பென்சில் நின்றுவிட்டது. அவள் இருப்பது அண்ணன் வீட்டில். அவளுக்கிருந்த இதே தொல்லைகளை அண்ணன் பிடிவாதம் என்பார், அண்ணி திமிர் என்பாள். அவளும் அப்படித்தான் நம்பியிருந்தாள்.

"அது நீதான்டி" என்றாள் ரேடியோ, பஸ் நிறுத்தத்தில்.

"தெரியும்" என்றாள் புள்ளி. வெகுகாலத்துக்குப் பிறகு அன்று நிம்மதியாகத் தூங்கினாள்.

அதற்கப்புறம்தான் ரேடியோ வீட்டுப் பேச்சை எடுத்தாள். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு வீடு எடுத்துக்கொள்ளலாம். கேட்டபோதெல்லாம் புள்ளி, "பார்க்கலாம்" என்றாள்.

"எத்தனை நாளைக்குடி பார்ப்ப? எங்க அக்கா அவ ஊருக்குக் கூப்பிட்டுக்கிட்டே இருக்கா. நீ வரலைன்னா போயிடுவேன். தனியா இங்க கிடக்க இனிமே எனக்குத் தெம்பில்ல."

"அண்ணன் என்ன சொல்வாரோ..."

"அண்ணன் கிடக்கட்டும். நீ என்ன சொல்ற?"

புள்ளிக்குப் போகத்தான் ஆசை. ஆனால் வாய் இருந்தால்தானே.

இந்த லட்சணத்தில்தான் அந்தக் காதல் நாவல் மேஜைக்கு வந்தது. ஒரே ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் இரண்டு நர்ஸ்களின் கதை. "உன்னை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள், கேள்விக்குறி" என்று ரேடியோ அறை முழுக்கக் கேட்க வாசிப்பாள். கணக்குப் பார்க்கிற அம்மாள் கணக்குப் பார்ப்பாள், பார்சல் கட்டுகிறவர் பார்சல் கட்டுவார். புள்ளி தலையைக் குனிந்துகொண்டு சிவப்பாள். வெளியே முணுமுணுக்கக்கூடப் பயந்ததை இங்கே பட்டப்பகலில் கூவிச் சொன்னார்கள், அதற்குச் சம்பளமும் வாங்கினார்கள்.

நேரே கேட்டால் பதில் வராதவளிடம் வாசித்துக் கேட்டால் வரும் என்று ரேடியோவுக்குத் தோன்றியிருக்க வேண்டும். ஒரு நாள் மத்தியானம், வாசித்துக்கொண்டே வந்தவள் குரல் மாறாமல் தொடர்ந்தாள்.

"மழை விட்டிருந்தது, முற்றுப்புள்ளி. மாடி வீடு ஒன்று பார்த்துவிட்டேன், காற்புள்ளி, டியூப்லைட்டையெல்லாம் கழற்றச் சொல்லிவிட்டேன், காற்புள்ளி, நாளைக்குள் பதில் சொல்ல வேண்டும், காற்புள்ளி, வருவாயா, கேள்விக்குறி."

புள்ளியின் மனசில் அர்த்தம் ஏறவில்லை. வேலை நேரத்தில் அவள் காது சொல்லை மட்டும்தான் எடுக்கும். சொல் தாளில் இல்லை.

"இங்க இல்ல!" என்றாள் உரக்க. விட்டுப்போன வரியைப் பிடித்த சந்தோஷம் அந்தக் குரலில் இருந்தது, பாவி. "மழைக்கு அப்புறம் ஒரு வரி முழுசா விட்டுப்போச்சு."

தட்டச்சு செய்தவருக்குச் சுருக்கென்றது. "நானா விட்டேன்? காட்டுங்க பார்ப்போம்." எழுந்து வந்து ரேடியோ கையிலிருந்த பிரதியை வாங்கிப் பார்த்தார். "எங்கம்மா இருக்கு? மழை விட்டதும் நர்ஸ் குடையை மடக்குறா. வீடும் இல்ல, விளக்கும் இல்ல."

"ரேடியோன்னா நடுவுல விளம்பரம் வரத்தானே செய்யும்!" என்றார் பார்சல்காரர். அறையே சிரித்தது.

"அது சரி, யாரை வருவாயான்னு கேட்டீங்க?" என்று கணக்கம்மாள் கண்ணடித்தாள்.

இப்போதுதான் புள்ளிக்கு உறைத்தது. ரேடியோ சிரிக்கவில்லை. அவள் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு தலையசைப்பு போதும். அதை யாரும் கவனித்திருக்கக்கூட மாட்டார்கள். ஆனால் அத்தனை கண்களும் தன் மேல் திரும்புவதாகப் புள்ளிக்குப் பட்டது.

"மூலத்துல இல்லாததைப் படிக்காதீங்க" என்றாள் தாளைப் பார்த்து. "வேலை கெடுது."

இத்தனை வருஷத்தில் அவள் ரேடியோவை 'நீங்க' என்று சொன்னதே இல்லை.

"சரிங்க" என்றாள் ரேடியோ. பிரதியைத் திரும்ப வாங்கிக்கொண்டு குடையை மடக்கிய இடத்திலிருந்து வாசித்தாள். நர்ஸ்கள் முத்தமிட்டுக்கொண்ட இடத்தையும் வாசித்தாள். ஒரு காற்புள்ளிகூடத் தவறவில்லை.

அன்று சாயங்காலம் ரேடியோ பஸ் நிறுத்தத்தில் நிற்கவில்லை. மறுநாள் காலை வழியெல்லாம் ஒரே சொல்லை மனசுக்குள் சொல்லிக்கொண்டு வந்த புள்ளி, மாடிப்படியிலேயே அவளை மறித்தாள். "நான் வரேன்டி."

"நேத்தே வீட்டுக்காரர்கிட்ட வேணாம்னு சொல்லிட்டேன்."

"திரும்பக் கேளேன்."

"யாரை? வீட்டுக்காரரையா, உன்னையா?" ரேடியோவுக்குக் கோபம்கூட வரவில்லை, அதுதான் கொடுமை. "நான் கேட்க வேண்டியதை எல்லார் முன்னாடியும் கேட்டாச்சு. நீயும் எல்லார் முன்னாடியும் சொல்லியாச்சு. விடு."

அந்த மாசம் முடிந்ததும் ரேடியோ அக்கா ஊருக்குப் போய்விட்டாள். வழியனுப்ப வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். புள்ளியும் போகவில்லை. சொன்னதைச் சொன்னபடி செய்வதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது.

அந்தக் காதல் நாவலின் வெளியீட்டு விழாவில் முதலாளி காதலுக்குத் துணிச்சல் வேண்டும் என்று முழங்கினார், நல்ல கைதட்டல். பிழையே இல்லாமல் பார்த்துக் கொடுத்தவர் என்று புள்ளியை எழுந்து நிற்கச் சொன்னார். அதற்கும் தட்டினார்கள்.

கூட்டம் கலையும்போது இரண்டு கல்லூரிப் பெண்கள் அவளைத் தேடி வந்தார்கள்.

"மேடம், இது பத்திரிகையில தொடரா வந்தப்பவே படிச்சோம். அப்புறம்தான் வீட்டுல எங்களைப் பத்திச் சொன்னோம்" என்றாள் ஒருத்தி.

"செம திட்டு. ஆனா சொல்லிட்டோம்" என்றாள் மற்றவள். "நீங்க முழுசும் படிச்சிருப்பீங்க இல்ல? உங்களுக்கு எப்படி இருந்துச்சு?"

"நான் பிழை பார்க்கத்தான் படிச்சேன்" என்றாள் புள்ளி.

தன்னடக்கம் என்று நினைத்து அவர்கள் சிரித்தார்கள். கையைக் கோத்துக்கொண்டு, யார் பார்த்தால் என்ன என்கிற மாதிரி படியிறங்கினார்கள். இந்தச் சிறுசுகளுக்கு மட்டும் எங்கிருந்து வாய் வந்தது என்று புள்ளிக்கு வயிறு எரிந்தது. நல்லா இருங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவளுக்குச் சொல்ல மனசு வரவில்லை.