மண் தின்ற பேச்சு

மலைமேல் வளப்பூர் நாட்டில் வெங்கிடுசாமி காட்டு மரவள்ளிக் கிழங்கு வாய்விட்டுப் பேசிய வருடம், மிளகுக்கு நல்ல விலை, பலா சுமார், கிழங்கைத்தான் கேட்பாரில்லை. கிழங்கு பேசியது வெங்கிடுசாமியின் குரலில். அதே கரகரப்பு, பேச்சை முடிக்கும்போது அதே செருமல். தோலை உரித்தால் பேசும், நறுக்கினால் துண்டு துண்டாகப் பேசும், வெந்த பிறகு முணுமுணுக்கும். சாமியாடி வந்து பார்த்துவிட்டு, இது நம் சாமி வேலை இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். சரியாகத்தான் சொன்னார். இது முழுக்க முழுக்க வெங்கிடுசாமி செய்த வேலை.

அவருக்கு ஒரே மகள், பூங்குழலி. தாய் இல்லாத பிள்ளையை வெங்கிடுசாமியின் அக்கா பொன்னாயிதான் வளர்த்தாள். நாமக்கல்லில் இன்ஜினியரிங் படிக்கப் போன இடத்தில் பூங்குழலிக்கு, வீட்டிலிருந்தே ஊர் ஊராக ஆட்களோடு அலைவரிசையில் பேசும் ஹாம் ரேடியோ பித்துப் பிடித்தது. லைசென்ஸ் தேர்வுக்குத் துணைக்குப் போகிற அப்பன் சும்மா உட்காருவானேன் என்று அவர் பேரிலும் விண்ணப்பம் போட்டாள். அவரும் எழுதித் தேறிவிட்டார். வீட்டுக்குப் பின்னால் கிழங்குக் காட்டின் நடுவில் ஓர் அலுமினியக் குழாயை நட்டாள். பொழுது சாய்ந்தபின் நாடு தாண்டிக் கேட்கிற எண்பது மீட்டர் அலைக்கு அந்த உயரம் போதாது. அதற்குமேல் நட்டால் மலைக்காற்று விடாது. குட்டைக் குழாயும் ரேடியோவும் தாமாக ஒத்துப்போவதில்லை. ரேடியோ அனுப்பும் சக்தியைக் குழாய் திருப்பி அடிக்கும். இரண்டுக்கும் நடுவே சமாதானம் பேச, செம்புச் சுருளும் கண்டென்சரும் வைத்து ஒரு மேட்சிங் பெட்டி செய்து குழாயடியில் பொருத்தினாள். பெட்டியிலிருந்து நாலாபக்கமும், வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால் மாதிரி, செம்புக் கம்பிகளை ஓட்டி மண்ணில் புதைத்தாள். மலையடிவாரத்துப் பேளுக்குறிச்சியிலிருந்து வந்து கம்பி புதைக்க உதவியவன், கூடப் படித்த சந்தோஷ்குமார். கம்பி புதைத்த பிறகு பெட்டி அடம்பிடித்தது. சுருளைப் பல தடவை மாற்றிச் சுற்றிய பிறகே மீட்டர் முள் படுத்தது. கம்பி இல்லாதபோது சட்டென்று படுத்ததே, இத்தனை செம்பு எதற்கு என்று வெங்கிடுசாமி கேட்டார்.

“முள்ளு படுத்தா, குடுத்தது திரும்பி வரலைன்னுதாங்கப்பா அர்த்தம். ஊர் போய்ச் சேந்துருச்சுன்னு இல்லீங்க. மண்ணு தின்னாலும் முள்ளு படுக்கும். திங்க விடாமத் தடுக்கத்தான் இந்தச் செம்பு” என்றாள் மகள். அவர் அப்போது மிளகுக் கொடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

படிப்பு முடிந்த மறு வருடம் பூங்குழலி சந்தோஷ்குமாரைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். பையன் நல்லவன், நாக்பூரில் வேலையும் இருந்தது. வேறு சாதி, கீழ்நாட்டான், அவ்வளவுதான். அந்த அவ்வளவுதான் போதுமானதாக இருந்தது. வெங்கிடுசாமி ஊர் முன்னால் கற்பூரம் அடித்து அணைத்தார். இந்த வீட்டில் யாரும் அவளோடு போனில் பேசுவதில்லை, அவள் வாசலை மிதிப்பதில்லை, நம் வாசலை அவள் மிதிக்க விடுவதில்லை என்று சத்தியம். கைகட்டி நின்ற பொன்னாயிக்கும் சேர்த்து. அன்றைக்குப் பஸ் ஏறும்போது பூங்குழலி அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அத்தை, அப்பா சத்தியத்துல ரேடியோ இல்லீங்க. பொழுது சாஞ்சா நான் கேட்டுட்டேதான் இருப்பேன்னு சொல்லுங்க.”

பொன்னாயி சொன்னாள். அதற்குள் வெங்கிடுசாமி காடு முழுக்கக் கிளறிக் கம்பிகளைப் பிடுங்கியிருந்தார். மகள் மேல் இருந்த கோபத்தை எங்காவது காட்ட வேண்டுமே. ஆனாலும் விவசாயி, செம்பை வீணாக்க மனம் வராது. சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடியை அந்தக் கம்பியாலேயே கட்டினார். துருவே பிடிக்காது பாருங்கள் என்று பார்த்தவரிடமெல்லாம் சொன்னார்.

வைவதற்கு ஆள் கிடைக்காத கோபம் நாளுக்கு நாள் புளித்தது. ஒரு சாயங்காலம் அவரே போய் ரேடியோவைப் போட்டார். பெட்டியின் குமிழைத் தொட்டதும் முள் படுத்துவிட்டது. மகள் மாலை முழுக்க மல்லுக்கட்டிய வேலை தனக்கு ஒரு நொடியில் கைவந்ததில் அவருக்கு அப்படியொரு பெருமை. “என் ஊட்டு வாசப்படியை மிதிச்சிராதே. நீ செத்தேன்னு தலை முழுகியாச்சு. கேக்குதா?” என்று தொடங்கினார். பதில் வராதது திமிர் என்று பட்டது. மறுநாள் இன்னும் கூட்டி வைதார். அந்த வருடம் முழுக்க வைதார். மார்கழியில் மலையெல்லாம் பனி பிடித்தபோது குழாயைச் சுற்றிய மண் மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது. ஊர் நாய்கள் அங்கேதான் படுத்தன. யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த முறை கிழங்கு நன்றாகப் பருத்தது. லோடு ஏற்றிய முரளி, அடிவாரத்துக் காரவள்ளிக்கு இறங்கும் கொண்டை ஊசி வளைவுகளில் பின்னால் யாரோ திட்டுவது போலிருக்கிறது என்று லாரியை நிறுத்தி நிறுத்திப் பார்த்தான். ஜவ்வரிசி ஆலை இரைச்சலில் யார் காதிலும் எதுவும் விழவில்லை.

அடுத்த வருடம் வெங்கிடுசாமிக்குக் காய்ச்சல் வந்து படுத்தார். எழுந்தபோது கோபம் இல்லை. போன இடமும் தெரியவில்லை. பேத்தி பிறந்திருக்கிறாள் என்று சந்தைக்குப் போய்வந்தவர்கள் சொன்னார்கள். அன்று முதல் பொழுது சாய்ந்தால் ஒரே பேச்சுதான்: “வா கண்ணு. தப்பு என்னுதுதான். வா கண்ணு.” முள் படுத்தே கிடந்தது. ஒரு சொல்கூடத் திரும்பி வரவில்லை, எல்லாம் அவளிடம் போகிறது என்று நம்பினார், பாவி மனுஷன். அந்த வருடக் கிழங்கைப் பொன்னாயி குழம்புக்கு உரித்தபோதுதான் அது “வா கண்ணு” என்றது. விஷயம் வெளியே தெரிந்ததும் ஆலைக்காரர் பேசுகிற கிழங்கு வேண்டாமென்றார். பேளுக்குறிச்சிச் சந்தையில் வேடிக்கைக்கு வாங்கிப் போனவர்களும் மறுவாரம் திருப்பிக் கொண்டுவந்தார்கள். கெஞ்சுகிற பொருளை எப்படித் தின்பது என்று கேட்டார்கள்.

அப்போதுதான் நாக்பூரிலிருந்து சந்தோஷ்குமார் வந்தான். சத்தியத்துக்கு மரியாதை கொடுத்து வாசலுக்கு வெளியிலேயே நின்றான்.

“ரெண்டு வருசமா தினமும் கேட்டாளுங்க மாமா. இரைச்சலைத் தவிர ஒண்ணும் வரலீங்க. போன மாசம் புள்ளை பொறந்த நாளுக்குப் பாயசம் வெச்சா. ஜவ்வரிசி கொதிக்கையில உங்க சத்தம், செத்தேன்னு தலை முழுகியாச்சுன்னு. பாக்கெட் தீர்ற வரைக்கும் கேட்டா. அடுத்த நாள் ரேடியோவை வித்துட்டா. இனி ரேடியோவுல பேசாதீங்க, அங்க கேக்க ஆளில்லைன்னு சொல்லத்தான் வந்தனுங்க.”

சொல்லிவிட்டுத் திரும்பியவன் சில்வர் ஓக் மரத்தடியில் நின்றுவிட்டான். கொடியைக் கட்டிய கம்பியைத் தடவிப் பார்த்து, “இது நாங்க பொதைச்சதுங்களா?” என்றான். வெங்கிடுசாமி வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். மண் தின்னாலும் முள் படுக்கும் என்று மகள் சொன்னது அவருக்கு அப்போதுதான் காதில் விழுந்தது.

பொன்னாயி ஒரு பை நிறையக் கிழங்கு கொடுத்தனுப்பினாள். பஸ்ஸில் அது வழியெல்லாம் வா கண்ணு, வா கண்ணு என்றது. யாரோ தன்னைக் கூப்பிடுவதாக நினைத்து ஆளாளுக்குத் திரும்பிப் பார்த்தார்கள். பிடுங்கிய மரவள்ளி இரண்டு மூன்று நாள்தான் தாங்கும். நாக்பூர் போய்ச் சேர்ந்தபோது உள்ளே கறுத்து ஊமையாகியிருந்தது. சந்தோஷ்குமார் நடந்ததை எவ்வளவோ எடுத்துச் சொன்னான். “வைஞ்சதை என் காதால கேட்டேன். கூப்பிட்டதை நீங்கதானே சொல்றீங்க” என்றாளாம்.

வெங்கிடுசாமி சத்தியத்தை மீறிப் போன் செய்தார். அடித்தது, எடுக்கவில்லை. பிறகு கொடிகளை அவிழ்த்துக் கம்பி முழுவதையும் பழையபடி புதைத்தார். மிளகுக் கொடிகள் சரிந்து தரையில் கிடந்தன, அந்த விலையிலும். மேட்சிங் பெட்டி அடம்பிடித்தது. சுருளைப் பிரித்துப் பிரித்துச் சுற்றி ஒருவழியாக முள்ளைப் படுக்க வைத்தார். இப்போது குரல் போனது. இலங்கைக்குப் போனது, அஸ்ஸாமுக்குப் போனது. அந்தமானிலிருந்து ஒருவர், பக்கத்தில் நின்று பேசுவது போல் தெளிவாக இருக்கிறது, யாரைக் கூப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். வெங்கிடுசாமி மகள் பெயரைச் சொன்னார். அவர் தானும் இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, இல்லை போலிருக்கிறது என்றார்.

அதன்பின் அந்த மண்ணுக்குப் புதிதாகப் பேச்சு எதுவும் இறங்கவில்லை. தின்றதை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கக்குகிறது. குழாயடியில் கொத்துப் போட்டால் இன்றைக்கும் வா கண்ணு என்று கேட்கும். கூப்பிட்ட குரலுக்குப் பதில் சொல்லாமல் போவது எங்கள் பக்கம் வழக்கமில்லை. ஆகவே அந்தக் காட்டுக்கு வேலைக்கு வரும் பெண்கள் முதல் கொத்திலேயே, “வந்துட்டமுங்க” என்று சொல்லிவிட்டுத்தான் அடுத்த கொத்துப் போடுகிறார்கள்.