அரை இறாத்தலும் எட்டு அவுன்சும்

"சைக்கிளும் ரயிலும் எந்த வகையில் ஒன்று?" என்று கேட்டாள் அந்த இளம் டொக்டர். நான் அதைத் தமிழில் திருப்பிச் சொன்னேன். என் கணவர் குலசேகரம் சிரித்துக்கொண்டே, "பூன் கன் பாட் லேங்" என்றார். அவள் உடனே ஞாபகசக்திச் சோதனைத் தாளில் சைபர் போட்டாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாரிஸ் லா சப்பலில், ஹொங்கொங் சமையல்காரர் ஒருவரோடு இருபத்திரண்டு வருடம் ஒரே குசினியில் நின்றவர் இவர். ஒன்றுபோல் இருக்கிற எதைக் கண்டாலும் கன்டனீஸ் பழமொழிதான் வாயில் வரும். தேர்தலில் நின்ற இரண்டு பேரைப் பற்றிக் கேட்டாலும் இதே பதில்தான்.

"மதாம், அது வாய்க்கு வந்த அலட்டல் இல்லை!" என்று என் அரைகுறைப் பிரெஞ்சில் சண்டைக்குப் போனேன். "அரை இறாத்தல் எண்டாலென்ன, எட்டு அவுன்ஸ் எண்டாலென்ன, நிறை ஒண்டுதானே? அதைத்தான் அவை சீன நிறையிலை சொல்லுறவை. ரெண்டிலையும் ஏறினா போய்ச் சேரலாம்." கடைசி வசனம் நானாகப் போட்ட ஒட்டு.

வேறென்ன செய்ய? போன மாதம் காஸைத் திறந்துவிட்டுப் படுத்துவிட்டார். இன்றைக்குத் தவறினால், தனியே விடக்கூடாது என்று எழுதிவிடுவார்கள். நான் மரக்கறிக் கடை வேலையை விட்டால் எங்களுக்குச் சாப்பாடில்லை. இவரை முதியோர் இல்லத்தில்தான் விடவேண்டும். அங்கே இவரோடு தமிழில் கதைக்க யார் இருக்கிறார்கள்?

"மேசையும் கதிரையும்?"

இன்னொரு கன்டனீஸ் பழமொழி வந்தது. நல்லவேளை, தமிழும் கூட வந்தது. "குடை ஒண்டு, பிடிதான் வேறை. ரெண்டும் ஒரே மரம். மேசைக்குச் சோறு, கதிரைக்குக் குண்டி."

நான் அதைப் பிரெஞ்சில் சொல்லி முடிக்க, டொக்டர் விழுந்து விழுந்து சிரித்தாள். சைபரை வெட்டி, இரண்டுக்கும் புள்ளி போட்டாள். அப்பாடா! பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் நேர்ந்தேன்.

பேனாவை மூடப்போனவள் என்னைக் காட்டினாள். நான் யாரென்று அவரிடம் கேட்கச் சொன்னாள். இதென்ன கேள்வி!

"இஞ்சருங்கோ, நான் ஆரெண்டு இவவுக்குச் சொல்லுங்கோவன்."

அவர் என்னை மரியாதையாகப் பார்த்தார். "ஆரெண்டு தெரியேல்லை. ஆனா எனக்காக எவ்வளவு வாதாடுறா! என்ரை மனிசியும் அச்சொட்டா இவவைப் போலத்தான். லேசிலை விடமாட்டா."



"என்ன சொன்னார்?" என்றாள் டொக்டர்.

"தன்ரை மனிசி எண்டு சொல்லுறார்."

அவள் அதற்கும் முழுப் புள்ளி போட்டாள். அவர் எழுந்து என்னைப் பார்த்துக் கை கூப்பினார்.

"பெரிய உபகாரம், தங்கச்சி."