பச்சைச் சிறகும் நீலச் சிறகும்

ஹோட்டல் மாடிப்படியில் ஏறிக்கொண்டிருந்த தையல்காரி பாதியிலேயே நின்றுவிட்டாள். ஜன்னலின் வண்ணக் கண்ணாடியில், இறந்துபோன அவள் மகள் சிறகு விரித்து நின்றாள்.

மகளின் போட்டோவைக் கொடுத்து, இதே முகம் வேண்டும் என்று கேட்டுப் பிரார்த்தனைக் கூடத்துக்கு அவள் செய்வித்த கண்ணாடித் தேவதையின் அதே உருவம். அங்கே நீலச் சிறகு, இங்கே பச்சை. அங்கே இடப்புறம் திரும்பிய முகம் இங்கே வலப்புறம். ஊஞ்சலிலிருந்து விழுந்து மகளுக்கு வந்த புருவத் தழும்புகூட அப்படியே இருந்தது.

"அந்தக் கண்ணாடிக்காரன் காகிதத்தைத் திருப்பிப் போட்டு வெட்டியிருக்கான்," என்றாள். சட்டையின் இரண்டு கைகளையும் ஒரே காகிதத்தைத் திருப்பிப் போட்டு வெட்டுகிறவள் அல்லவா! "எம் பொண்ணு முகத்தை ஊருக்கெல்லாம் வித்துக்கிட்டிருக்கான்."

"இங்க கத்தாதீங்க அண்ணி. பட்டறையில போய்க் கத்துவோம், நானும் சேர்ந்துக்கறேன்," என்றாள் கூட வந்த நாத்தனார்.

பட்டறையில் கண்ணாடிக்காரர் மேஜைமேல் காகிதப் படத்தை விரித்தார்.

"ரெண்டுக்கும் ஒரே படம்தாம்மா. இதுக்கு மேல கண்ணாடிய வச்சுக் கோடு பார்த்து வெட்டுவோம். துண்டுகளை ஈயப் பட்டையில கோத்துடுவோம். முகம் மட்டும் தனித் துண்டு. அதைத் தூரிகையால வரைஞ்சு சூளையில சுடணும்."

"அந்த முகத்தை ஏன் ஹோட்டலுக்குக் குடுத்தீங்க?"

"ஹோட்டல் வேலை உங்க வேலைக்கு முன்னாடியே முடிஞ்சதும்மா," என்றவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"அப்ப அந்தத் தழும்பு?" என்றாள் நாத்தனார்.

தையல்காரி காகிதத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். புருவத்தில் ஒரு பழைய கிழிசல், பின்னால் துண்டுக் காகிதம் வைத்து ஒட்டியிருந்தது. யாரோ அதையும் கோடு என்று நினைத்து மையால் இழுத்திருந்தார்கள். அன்றிலிருந்து எல்லாத் தேவதைக்கும் அந்தத் தழும்பு.

"எம் பொண்ணு போட்டோ எங்க?"

அவர் இழுப்பறையைத் திறந்தார். அவள் ஒட்டிக் கொடுத்த உறை பிரிக்கப்படாமலே கிடந்தது.

இத்தனை நாளும் பிரார்த்தனைக் கூடத்தில் ஒரு காகிதக் கிழிசலிடம்தான் அவள் பேசிவிட்டு வந்திருக்கிறாள்.

"கூடத்துல இருக்கற அந்த முகத்தை மட்டும் கழட்ட முடியுமா?" என்றாள்.

"முடியும்மா. ஈயம் வளையும். ஓரத்தை நிமிர்த்தினா துண்டு கையோட வந்துடும். புதுசா வரைஞ்சு மாட்டிடறேன். நீங்க நிம்மதியா வீட்டுக்குப் போங்க."

"போனதெல்லாம் போதும்." ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். உறையைப் பிரித்து, போட்டோவை அவர் முன்னால் சாய்த்து வைத்தாள்.

"எனக்கும் ஒரு ஸ்டூல் இருக்குமா?" என்றாள் நாத்தனார்.

அவர் தூரிகையைத் தோய்த்தார். பழக்க தோஷத்தில் கண் பழைய காகிதத்தின் பக்கம் போயிற்று.

தையல்காரி அதைச் சுருட்டித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.