வயல் படத்துக்கு நாற்பது சொற்கள்

1

நான் கதை எழுத உட்காரவில்லை. ஓர் அட்டை எழுத உட்கார்ந்தேன். லிங்கன்ஷயரில் எங்கள் பண்ணைக்குப் பின்னால் போர்க்காலத்தில் இருந்த விமானத்தளத்தில் இப்போது சிறிய காட்சியகம் ஒன்று திறக்கப்போகிறார்கள். அதை நடத்தும் திருமதி ஸ்கெல்டன், எங்கள் சாப்பாட்டு அறையில் நாற்பத்தைந்து வருடமாகத் தொங்கும் புகைப்படத்தைக் கேட்டார். அதன் கீழே வைக்க நாற்பது சொற்களும் கேட்டார். அது இப்படி வழிந்துவிட்டது. மால்ட்பி குடும்பத்தில் மிஞ்சியிருப்பவன் நான் ஒருவன்தான். எங்கள் பெயருக்குக் காவலும் நான்தான்.

முதல் தொடக்கம்: "இந்த லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானம் 1943 மார்ச்சில் படைக்கு வந்தது. இருபத்திரண்டு முறை போனது. இருபத்தொரு முறை திரும்பியது."

(பிழையில்லை. ஆனால் ஆளே இல்லை. விமானம் தானே பறந்து தானே தொலைந்ததுபோல் இருக்கிறது.)

2

இரண்டாவது தொடக்கம்: "மாலையில் அது எழும்பும்போது எங்கள் வீட்டுக் கண்ணாடிகள் முனகும். மாடுகள் தலை தூக்காது. ஏழு பேர் அதற்குள் இருந்தார்கள். என் தம்பி நோயல் மூக்குப் பகுதியில் குப்புறப் படுத்திருப்பான், முகத்துக்குக் கீழே கண்ணாடி, கண்ணாடிக்குக் கீழே பூமி. குண்டை விடும் பொத்தான் அவன் கையில். 'தூக்கத்துல நீந்துற மாதிரி இருக்கும்மா,' என்று அம்மாவிடம் சொன்னான். மேகம் விலகும்போது ஆறுகள் அவனைக் கடந்து மெதுவாக..."

(இங்கே நிறுத்தினேன். இப்படியே போனால் இது அழகாகிவிடும். அழகாக்க எனக்கு உரிமை இல்லை. காரணம் நான்காம் பகுதியில்.)

3

படத்தைச் சொல்ல வேண்டும். குண்டுகளோடு ஒரு வெளிச்சக் குண்டும் விழும். அரை நிமிடம் கழித்து விமானத்தின் கேமரா தானாகவே கீழே படமெடுக்கும். குண்டு எங்கே விழுந்தது என்பதற்கு அதுதான் சாட்சி. எங்கள் படத்தில் இருக்க வேண்டியது ஜெர்மனியின் ஒரு தொழிற்சாலை நகரம். இருப்பது வயல்கள். ஒரு கூரைகூட இல்லை.*

படைப் பதிவேட்டில் அன்றைய வரி: "குண்டு வீசுபவரின் கணிப்புப் பிழை." நோயல் தானே ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டிருந்தான்.

தளத்து மெக்கானிக்குகள் எங்கள் ஊர் மதுக்கடையில்தான் குடிப்பார்கள். மறுநாளே செய்தி வந்துவிட்டது. நான் உள்ளே நுழைந்ததும் ஒருவன் கத்தினான்:

"கத்பெர்ட், உன் தம்பி ஹிட்லரோட டர்னிப் கிழங்கையெல்லாம் அழிச்சிட்டானாமே! இனிமே அவங்களுக்குச் சூப்பே கிடையாது, போ!"

அன்றோடு அந்தக் கடைக்குப் போவதை விட்டேன். இன்றுவரை போகவில்லை.

*அந்த வயலுக்கும் ஒரு சொந்தக்காரன் இருந்திருப்பான். அவனைப் பற்றி எழுத என்னிடம் ஒரு வரியும் இல்லை.

4

அடுத்த விடுப்பில் நோயல் அந்தப் படத்தை வீட்டுக்கே கொண்டுவந்தான். காலைச் சாப்பாட்டு நேரம். நான் அவனிடம் சொன்னது

(மூன்று முறை எழுதி அடித்துவிட்டேன். நான்காவது முறை இது.)

நான் சொன்னது: "வயலை உழுறதுக்கு நம்ம குதிரையே போதுமேடா. நாலு இன்ஜின் எதுக்கு?"

நோயல் சிரித்தான். "குதிரைக்கு ராத்திரில கண்ணு தெரியாதே, அண்ணா," என்றான். படத்தை அம்மாவிடம் நீட்டினான்.

அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். "யாரு வயலோ தெரியல. எவ்வளவு நேரா வேலி போட்டிருக்கான் பாரு. இத மாட்டுறேன்."

அவனை வழியனுப்ப ஸ்டேஷனுக்கு நான் போகவில்லை. ஆறு வாரம் கழித்து விமானம் இருபத்திரண்டாவது முறை போனது.

5

கதையில் இனி ஒருவர் வருகிறார். இவரை நான் முதலில் நம்பவில்லை. என் கதைக்கு வசதியாக நானே உருவாக்கியவர்போல் இருந்தார். இட்ரிஸ் பியூ, வேல்ஸ்காரர். விமானத்தின் வால்பகுதித் துப்பாக்கிக்காரர். கடைசிப் பயணத்தன்று காதில் சீழ் வைத்து ஆஸ்பத்திரியில் இருந்ததால் பிழைத்தவர். போன மாதம் வந்தார். தேநீரைத் தொடவே இல்லை.

"மிஸ்டர் மால்ட்பி, அது நோயல் தப்பு இல்லீங்க. பின்னாடி ஒரு வெளிச்சம் பாத்தேன். எதிரி விமானம்னு கத்திட்டேன். கேப்டன் 'குண்டைப் போட்டுடு, கீழ பாயுறேன்'னாரு. நோயல் போட்டான். பாய்ஞ்சு எழுந்து நேரானப்புறம் பாக்குறேன், அந்த வெளிச்சம் அங்கேயே இருக்கு. அசையவே இல்ல. நட்சத்திரம்."

"படையில ஏன் சொல்லல?"

"எனக்குப் பத்தொன்பது வயசு. ஏற்கெனவே ஒருதரம் இப்படிக் கத்தியிருக்கேன். ரெண்டாவது தரம்னா கோழைன்னு எழுதி, சட்டையில இருந்த சின்னத்தப் பிச்சிட்டு அனுப்பிருப்பாங்க. நோயல்தான், 'பொத்தான அமுக்குனது என் விரல், நானே சொல்லிக்கிறேன்'னான். 'உன்னக் கிண்டல் பண்ணுவாங்களேடா'ன்னேன்."

"அதுக்கு?"

இட்ரிஸ் கோப்பையைத் திருப்பித் திருப்பி வைத்தார். "'பண்ணட்டும், எங்க அண்ணன் ஒருத்தர்தான் கோவிச்சுக்குவாரு, அவரு அப்புறம் சரியாயிடுவாரு'ன்னான்."

(இந்த இடத்தில் என்ன செய்தேன் என்று எழுத மாட்டேன்.)

"அட்டையில தப்பு என்னதுன்னு என் பேரப் போடுங்க," என்றார் இட்ரிஸ். "திறப்பு நாளைக்குப் பேரப்பிள்ளைங்கள கூட்டிட்டு வரேன். அவங்க படிக்கட்டும்."

6

முதல் முடிவு: பதிவேட்டின் வரியை அப்படியே எழுதுவது. என் தம்பி விரும்பியதும் அதுதான். ஆனால் ஊர் கேலி செய்த 'டர்னிப் மால்ட்பி' கண்ணாடிப் பெட்டிக்குள் நிரந்தரமாகிவிடுவான்.

இரண்டாவது: இட்ரிஸின் பெயர். எங்கள் பெயர் கழுவப்படும். ஒரு கிழவர் பேரப்பிள்ளைகள் முன்னால் தன் நட்சத்திரத்தை வாசித்துக்கொண்டு நிற்பார். நோயல் உயிரோடு இருந்தவரை மறைத்ததை நான் உடைத்திருப்பேன்.

மூன்றாவது: விமானம் இன்னும் இறங்கவில்லை. மேகத்துக்கு மேலே, இட்ரிஸ் தவிர்த்த ஆறு பேரோடு சுற்றுகிறது, எரிபொருள் தீரவே தீராது. நோயல் குப்புறப் படுத்துக் கீழே எங்கள் கூரையைத் தேடுகிறான். (இது முடிவல்ல. காலையில் வரும் கனவு.)

எங்கள் குடும்ப மானத்தை இத்தனை வருடம் காத்தவன் என்று தலைநிமிர்ந்து திரிந்தேன். அதை ஒரு காலைச் சாப்பாட்டில் கீழே போட்டவன் நான். அந்தப் பிழைக்கு எந்தக் கேமராவும் இல்லை.

7

அட்டையில் முப்பத்தாறு சொற்கள் எழுதிவிட்டேன்: விமானம், தேதி, உயரம், ஏழு பேரின் பெயர்கள், வயல்கள். "இது" என்ற கடைசிச் சொல்லுக்குப் பிறகு நான்கு சொற்களுக்கு இடம் விட்டிருக்கிறேன், யாருடைய பிழை என்பதற்கு.

வாசலில் கார் நிற்கிறது. திருமதி ஸ்கெல்டன், பக்கத்தில் இட்ரிஸ். அவர் தொப்பியைக் கையில் எடுத்துவிட்டார். நான் போய்க் கதவைத் திறக்க வேண்டும், முதுகை நிமிர்த்திக்கொள்ள அரை நிமிடம் ஆகும்.

அட்டை மேசைமேல் இருக்கிறது. பேனாவை மூடவில்லை. நீங்கள் எழுதுங்கள். நான் திரும்பிப் பார்க்க மாட்டேன்.