வாசனை உள்ளதெல்லாம் அவள் பக்கம்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது பூண்டுக் கூடைக்குப் பக்கத்தில். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் வழக்கமாகச் சாமான் வாங்கும் கடையில் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு, ஒரு பூண்டை மூக்கருகே பிடித்தபடி நின்றிருந்தார். பக்கத்தில் ஒரு பெண், தள்ளுவண்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, நல்ல சேதிக்குக் காத்திருப்பவளைப் போல அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கோவக்காரப் பூண்டு," என்றார் அவர். "ஆனா மனசுல ஒண்ணும் வெச்சுக்காது."

அவள் தலையாட்டினாள். பூண்டை வாங்கி வண்டியில் போட்டாள். இருவரும் நகர்ந்துவிட்டார்கள்.

நான் கண்டது அவ்வளவுதான். வாங்க வந்ததை மறந்துவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பினேன். இனி வருவதெல்லாம் நானாகக் கட்டியது. ஆனால் அந்தப் பூண்டுப் பேச்சு மட்டும் என் காதால் கேட்டது. அதை நம்பித்தான் மற்றதையெல்லாம் எழுதுகிறேன்.

2

எப்படித் தொடங்குவது?

முதல் முயற்சி: "தாம்பத்தியம் என்பது ஒரு..." இதை அடித்துவிட்டேன். தாம்பத்தியத்தைப் பற்றி அப்படித் தொடங்கிய எந்த வாக்கியமும் உருப்பட்டதில்லை.

இரண்டாவது: "அவளுடைய மூக்கு செத்துப்போன அன்றைக்கு..." இதுவும் வேண்டாம். யாரும் சாகாத கதையில் எதற்கு அந்தச் சொல்?

மூன்றாவது. இது நிற்கட்டும்:

அவன் லிஃப்ட் மெக்கானிக். அவள் ஒரு கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவள். கல்யாணமான புதிதில் இருவரும் சேர்ந்து சாமான் வாங்கப் போனார்கள். கொத்தமல்லி வாங்கச் சொன்னால் அவன் புதினாவோடு வந்தான். புதினா வாங்கச் சொன்னபோது, உஷாராகி, இரண்டையும் வாங்காமல் ஒரு கட்டுக் கீரையோடு வந்தான். அன்றைக்கே எல்லை போடப்பட்டது. காய், பழம், மீன், இலை, மசாலா என்று வாசனை உள்ளதெல்லாம் அவள் பக்கம். அரிசி மூட்டை, எண்ணெய் டின், தண்ணீர்க் கேன் என்று எடை உள்ளதெல்லாம் அவன் பக்கம். இருபது வருடமாக அந்த எல்லையில் ஒரு சச்சரவும் இல்லை. அவள் முன்னால் மோந்து பார்த்துக்கொண்டே போவாள். அவன் பின்னால் வண்டி தள்ளுவான்.

[நான் அவனை "அவன்" என்கிறேன். கடையில் பார்த்தபோது "அவர்" என்றேன். கதைக்குள் வந்துவிட்டால் மரியாதை கொஞ்சம் குறையும், நெருக்கம் கொஞ்சம் கூடும். அவர் மன்னிப்பாராக.]

3

ஒரு காய்ச்சல் வந்தது. இருவரையும் படுக்கப்போட்டது. அவன் எழுந்ததும் பழையபடி ஆனான். அவள் எழுந்ததும் காபி போட்டாள். கோப்பையை முகத்தருகே கொண்டுபோனாள். சூடு வந்தது, ஆவி வந்தது, வேறொன்றும் வரவில்லை. மூக்கடைப்பு என்று நினைத்தாள். அடைப்பு நீங்கிய பிறகும் அப்படியே இருந்தது. அவனிடம் சொல்லவில்லை.

அவன் கண்டுபிடித்தது கடையில், மீன் பிரிவில். அவள் எப்போதும்போல ஒரு மீனை எடுத்து, எப்போதும்போல மோந்து, எப்போதும்போல "நல்லா இருக்கு" என்று வண்டியில் போட்டாள். வண்டிக்குப் பின்னால் நின்றவன் வரை நாற்றம் வந்தது. இலைக்கும் இலைக்கும் வித்தியாசம் தெரியாத அவனுக்கே அது கெட்ட மீன் என்று தெரிந்தது. விளையாடுகிறாளோ என்று பார்த்தான். அவள் அடுத்த மீனைக் குனிந்து மோந்துகொண்டிருந்தாள். கண்ணை மூடி, புருவத்தை லேசாக நெரித்து, வெகு அக்கறையாக. ஒன்றும் வராத இடத்தில் நின்று ஏதோ வருகிறது என்று அவள் நடித்த அந்த முகத்தைப் பார்த்ததும் அவனுக்கு விஷயம் விளங்கிவிட்டது.

அவள் அந்தப் பக்கம் திரும்பியதும் அவன் அந்த மீனை எடுத்துத் திரும்ப வைத்துவிட்டு, வேறொன்றை மோந்து பார்த்துப் போட்டான்.

அந்த வாரம் மட்டுமல்ல. அடுத்த வாரமும், அதற்கடுத்த வாரமும். அவள் முன்னால் எடுத்துப் போட்டுக்கொண்டே போக, அவன் பின்னால் மாற்றி வைத்துக்கொண்டே போனான். இருபது வருடம் வண்டி தள்ளியவன், கள்ளத்தனமாக, ஒரு மூக்கு வளர்த்துக்கொண்டிருந்தான்.

4

இந்த இடத்தில் நான் எழுதுவதை நிறுத்திவிட்டு என் வீட்டுக்காரரிடம் படிக்கக் கொடுத்தேன்.

"இந்த மாதிரி புருஷன் கதையிலதான் வருவான்," என்றார்.

"ஏன், நீங்க செய்ய மாட்டீங்களா?"

"மீன் கெட்டுப்போச்சுன்னு கடையே கேக்குற மாதிரி கத்தியிருப்பேன்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆளைக் கொஞ்சம் அதிகமாகவே வெள்ளையடித்துவிட்டேன். சரிசெய்கிறேன், பொறுங்கள். அதற்கு முன்னால் அவள் அவனைப் பிடித்தாக வேண்டும்.

5

பிடித்தது மூக்கால் இல்லை, கையால். வீட்டில் பையைப் பிரித்து முலாம்பழத்தை வெளியே எடுத்தவள் அப்படியே நின்றாள்.

"நான் எடுத்தது இது இல்லையே."

"அதேதான்."

"அதுக்கு ஒரு பக்கம் சப்பையா இருந்துச்சு. இது உருண்டையா இருக்கு."

அவன் தண்ணீர்க் கேனை இறக்கிவைப்பதில் மும்முரமாக இருந்தான். அவள் விடவில்லை. நாள் முழுக்க மனிதர்களை எதிரே உட்காரவைத்து, தெரிகிறதா, தெரியவில்லையா என்று கேட்பவளிடம் எவ்வளவு நேரம் பொய் சொல்ல முடியும்?

"எப்பலேர்ந்து?" என்றாள்.

"காய்ச்சல் விட்டதுலேர்ந்து."

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"நீ ஏன் சொல்லல?"

அவள் பழத்தை மேசைமேல் வைத்தாள். "சொல்லிட்டா நிஜமாயிடும்ல," என்றாள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள். எல்லாம் காகித அட்டையைத் தின்கிற மாதிரி இருக்கிறது என்றாள். வீட்டுக்குள் நுழைந்தால் யாரோ வாடகைக்கு இருக்கிற வீடு மாதிரி இருக்கிறது என்றாள். டாக்டரிடம் போய்வந்ததையும் சொன்னாள். "வரலாம், வராமலும் போகலாம்" என்று அவர் சொன்னாராம். "அதைச் சொல்ல டாக்டர் எதுக்கு, நானே சொல்லிக்குவேனே?" என்று அழுகைக்கு நடுவிலேயே சிரித்தாள்.

அவன் பழத்தை எடுத்து மோந்தான்.

"எப்படி இருக்கு?" என்றாள்.

"நல்லா இருக்கு."

"நல்லா இருக்குன்னா?"

"நல்லா... ஜம்முனு இருக்கு."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். கண்ணாடிக் கடையில் எதிரே உட்காருபவர்களிடம் பேசும் குரல் வந்தது. "எனக்குக் கண்ணு காட்ட வர்றவங்களும் அப்படித்தான். 'நல்லாத்தாங்க தெரியுது'ம்பாங்க. விட்டுடுவேனா? கண்ணாடிய மாத்தி மாத்திப் போட்டு, முன்னதா, பின்னதா, எது தெளிவுன்னு கேப்பேன். அவசரமே இல்ல. நிதானமா சொல்லுங்க."

அவன் மறுபடி மோந்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்:

"காலி லிஃப்ட் வந்து நிக்கும். கதவு திறக்கும். உள்ள ஆளே இருக்காது. ஆனா இப்பத்தான் யாரோ நல்ல துணி உடுத்திக்கிட்டு, எங்கயோ விசேஷத்துக்குப் போயிருக்காங்கன்னு தெரியும்ல? அந்த மாதிரி."

அவள் ஒரு துண்டு நறுக்கி வாயில் போட்டாள். அட்டைதான். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு அந்தக் கதவு திறப்பதைப் பார்த்தாள்.

* "லிஃப்ட் மெக்கானிக் இப்படியெல்லாம் பேசுவாரா?" என்று நீங்கள் கேட்பீர்கள். பூண்டுக் கூடைக்குப் பக்கத்தில் நீங்கள் நின்றிருந்தால் கேட்டிருக்க மாட்டீர்கள்.

6

எல்லைக்கோடு அழிந்தது. இப்போது அவன் முன்னால் போனான். அவள் வண்டியைத் தள்ளிக்கொண்டு பக்கத்திலேயே வந்தாள். தொட்டுப் பார்ப்பது, தட்டிப் பார்ப்பது, நிறம் பார்ப்பது எல்லாம் அவள். மூக்கு அவன்.

கொத்தமல்லி: "இப்பத்தான் தலைக்குக் குளிச்சிட்டு வந்து நிக்குது."

எலுமிச்சை: "பேரைக் கூப்பிடறதுக்குள்ள 'என்ன'ன்னு கேக்குது."

நல்ல மீன்: "இன்னும் கடல்லதான் இருக்கோம்னு நினைச்சிட்டிருக்கு, பாவம்."

காபிப் பொடிக்கு மட்டும் நேரமெடுத்துக்கொண்டான். வழியை மறித்துக்கொண்டு நிற்கிறார்கள் என்று பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள். "காலைல நாம இன்னும் படுத்திருப்போம்," என்றான். "அடுத்த ரூம்ல யாரோ நமக்கு முன்னாடி எந்திரிச்சு விளக்குப் போடுவாங்க. கதவுக்கு அடியில வெளிச்சம் வரும். இன்னும் கொஞ்சம் படுத்துக்கலாம்னு இருக்கும்ல? அதுதான்."

அவள் அந்தப் பொட்டலத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பணம் கட்டுமிடம் வரை நடந்தாள்.

[இதை எழுதும்போது பேனாவை வைத்துவிட்டு நானும் எழுந்துபோய்க் காபி டப்பாவைத் திறந்தேன். இத்தனை வருடம் எழுதுகிறேன். "கமகம" என்பதைத் தாண்டி ஒரு வார்த்தை எனக்கு வந்ததில்லை. நானே உண்டாக்கிய ஆள் என்னைவிட நன்றாகச் சொல்கிறான். இது எப்படி நடக்கிறது என்று சத்தியமாகத் தெரியவில்லை.]

7

இப்போது வெள்ளையடித்ததைச் சுரண்டுகிறேன்.

ஒரு நாள் அவனுக்கு வேலையில் சரியான அலைச்சல். பழுதான லிஃப்டுக்குள் நாலைந்து பேர் மாட்டிக்கொள்ள, அவர்களை இறக்கிவிடுவதற்குள், மேலே இருந்தவர்கள், கீழே இருந்தவர்கள், உள்ளே இருந்தவர்கள் என்று எல்லோரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தான். நேரே கடைக்கு வந்தான். அவள் ஒரு மாம்பழத்தை நீட்டினாள்.

"எப்படி இருக்கு?"

"பழம் மாதிரி இருக்கு."

"எந்த மாதிரி..."

"எல்லாத்தையும் மோந்து மோந்து சொல்லிட்டே இருக்கணுமா?" என்று கத்தினான். "நான் என்ன நாயா?"

கடை திரும்பிப் பார்த்தது. அவள் மாம்பழத்தை இருந்த இடத்தில் வைத்தாள். வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள்.

அதன் பிறகு அவள் கேட்கவில்லை. வேலைக்குப் போய்த் திரும்பும் வழியில் தானே போய், பொட்டலம் கட்டி ஒட்டிய சாமான்களாகப் பார்த்து வாங்கிவந்தாள். கண்ணாடித் தாளுக்குள் இருக்கும் காய், டப்பாவுக்குள் இருக்கும் மீன், தேதி அச்சடித்த பால். மோந்து பார்க்கத் தேவையில்லாதவை. வீட்டில் சண்டையும் இல்லை, பேச்சும் இல்லை. சாப்பிடும்போது கரண்டிச் சத்தம் மட்டும் கேட்டது.

முதலில் அவனுக்கு விட்டது தொல்லை என்றுதான் இருந்தது. பிறகு ஒரு நாள் உயரமான கட்டடத்தின் மொட்டைமாடியில், லிஃப்ட் இயந்திர அறையின் கதவைத் திறந்தான். சூடான கிரீஸ் வாசனை முகத்தில் அடித்தது. ஆயிரம் தடவை அடித்த வாசனைதான். ஆனால் இந்தத் தடவை அவன் வாய் தன்னால் அசைந்தது: "ரொம்ப நேரம் ஓடிட்டு வந்து, ஒண்ணும் பேசாம உக்காந்திருக்கிற ஆளு." சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்த்தான். கேட்க ஆளில்லை.

ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே நின்றான். அவளுக்காக மோந்ததாகத்தானே நினைத்திருந்தான்? நாற்பத்துச் சொச்சம் வருடம் முகத்தின் நடுவில் சும்மா உட்கார்ந்திருந்த மூக்கு அது. எண்ணெய், தூசி, துருப்பிடித்த கம்பி, தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம் எவரோ காயப்போட்ட துணி. உலகம் இவ்வளவு நெருக்கியடித்துக்கொண்டு வந்து நிற்கிறதா? இத்தனையும் அவள் "எப்படி இருக்கு?" என்று கேட்டதால் திறந்த கதவு.

வீட்டுக்குப் போனான். அவள் டப்பா மீனைத் திறந்துகொண்டிருந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறை வாசலில் நின்று, அவள் கேட்காமலே, கிரீஸ் வாசனையைச் சொன்னான். துணி வாசனையைச் சொன்னான். வரும் வழியில் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் மடியில் வைத்திருந்த புதுச் செருப்பு வாசனையைச் சொன்னான். அவள் முதுகைக் காட்டியபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அந்தச் செருப்பு," என்றாள் கடைசியில். "இன்னொரு தடவை சொல்லுங்க."

8

இனி முடிவு. மூன்று வைத்திருந்தேன்.

ஒன்று: ஒரு காலையில் ரொட்டி தீய்கிறது. "ஏங்க, தீயுது!" என்று அவள் கத்துகிறாள். மூக்கு திரும்பிவிட்டது. இருவரும் கருகிய ரொட்டியை நடுவில் வைத்துக்கொண்டு அழுகிறார்கள். எழுதிப் பார்த்தேன். நன்றாகவே வந்தது. அதனால்தான் சந்தேகப்பட்டு அடித்தேன்.

இரண்டு: அவனுக்குச் சளி பிடிக்கிறது. இருவருக்கும் மூக்கில்லை. கண்ணைக் கட்டிவிட்ட மாதிரி கடைக்குள் சுற்றி, சிரித்துச் சிரித்து, கிடைத்ததை வாங்கிக்கொண்டு வருகிறார்கள். இது என் வீட்டுக்காரருக்குப் பிடித்த முடிவு. அவருக்காக இங்கே ஓரமாக இருக்கட்டும்.

மூன்றாவதைக் கேளுங்கள்.

சோப்பு அடுக்கின் முன்னால் நிற்கிறார்கள். அவன் ஒன்றொன்றாக எடுத்து மோந்து சொல்லிக்கொண்டிருக்கிறான். ஒன்று வேண்டாம், ரொம்பப் பேசுகிறது. இன்னொன்று பரவாயில்லை. அதை வண்டியில் போடப் போகும்போது அவள் கையைப் பிடிக்கிறாள்.

"இதைப் போட்டுக் குளிச்சா உங்க வாசனை போயிடுமா?"

"என் வாசனையா? எனக்கென்ன வாசனை?"

மணிக்கட்டை மோந்து பார்க்கிறான். சட்டைக் கையை மோந்து பார்க்கிறான். கழுத்துப்பட்டியை மூக்குவரை இழுத்துப் பார்க்கிறான். "ஒண்ணுமே இல்லையே."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று சிரிக்கிறாள். "அது எனக்குத்தான் தெரியும். இப்ப மூக்குல இல்ல. ஆனா ஞாபகத்துல அப்படியே இருக்கு."

இத்தனை வருடம் தன்னைத் தூக்கிக்கொண்டு திரிந்தவன் அவன். ஆனால் அவன் எப்படி மணப்பான் என்பது அவனுக்குத் தெரியாது. உலகத்தில் அது ஒரே ஓர் ஆளிடம்தான் இருக்கிறது. அவள் அதைப் பத்திரமாக வைத்திருக்கிறாள்.

"சொல்லு," என்கிறான்.

"அவசரப்படாதீங்க. கண்ணை மூடுங்க."

மூடுகிறான்.

அவள் என்ன சொன்னாள் என்று பல தடவை எழுதினேன். சூடான இரும்பு என்று எழுதினேன். வெயிலில் நின்ற சட்டை என்று எழுதினேன். எல்லாம் என் புருஷனைப் பார்த்து எழுதியவையாகவே இருந்தன, அவனைப் பற்றி ஒன்றுகூட இல்லை. அந்த வாக்கியம் என்னிடம் கிடையாது. உங்களிடமும் கிடையாது. ஆனால் உங்களுடையது ஒன்று, உங்களுக்கே தெரியாமல், கூட இருப்பவரிடம் இருக்கும். போய்க் கேளுங்கள். அவர் சொல்வதை இந்த வரியில் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்:

"நீங்க