மெட்ராஸ்போல்ட் டாட் காமுக்கு வில்லங்கம் பார்த்தது

மனை பார்ப்பதில் என்னை அடித்துக்கொள்ள அம்பத்தூரிலிருந்து பட்டாபிராம் வரை ஆள் கிடையாது. நானே சொல்லிக்கொள்கிறேன் என்று சிரிக்க வேண்டாம். நான் சொல்லாவிட்டால் வேறு எவன் சொல்லப்போகிறான்? இருபது வருஷமாகப் புரோக்கர் வேலை. வேம்புலி ஒரு இடத்தைப் பார்த்துத் தலையாட்டினால் அட்வான்ஸ் கொடுக்க யாரும் யோசிக்க மாட்டார்கள், என் தங்கை பத்மாவைத் தவிர.

அதற்குக் காரணம் உண்டு. தொண்ணூற்றொன்றில் ஆவடிக்கு அந்தப் பக்கம் ஒரு மனையை அவள் தலையில் கட்டினேன். சித்திரையில் காட்டும்போது பந்து விளையாடுகிற மைதானம் போல இருந்தது. ஐப்பசியில் போய்ப் பார்த்தால் நடு மனையில் கொக்கு நிற்கிறது. ஏரி! லேஅவுட் போட்டவனைத் திட்டினேன், சர்வேயரைத் திட்டினேன், மழையைக்கூட விடவில்லை. பத்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனாள். அதற்கப்புறம் எட்டு வருஷம், பொங்கல் தீபாவளிக்குக் கூப்பிட்டுச் சோறு போடுவாள், சிரிப்பாள். ஆனால் ஒரு குக்கர் வாங்கக்கூட என்னிடம் யோசனை கேட்டது கிடையாது. ஊருக்கே யோசனை சொல்கிறவனுக்கு அது எப்படி இருக்கும்?

அப்படிப்பட்டவள், தொண்ணூற்றொன்பது ஆனியில் ஒருநாள் என்னைத் தேடி வீட்டுக்கே வந்துவிட்டாள்.

பத்மாவும் அவள் வீட்டுக்காரரும் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷெட் எடுத்து போல்ட், நட் செய்கிறார்கள். அவள் செய்யும் போல்ட்டை ஒரு பெரிய கம்பெனி வாங்கித் தன் பெயர் போட்ட டப்பாவில் அடைத்து விற்கிறது. இப்போது சிங்கப்பூர்க்காரர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, 'உங்களிடமே நேராக வாங்குகிறோம், இன்டர்நெட்டில் உங்களுக்கென்று ஒரு பெயர் வாங்கிப் படம், அளவெல்லாம் போட்டு வையுங்கள்' என்று சொல்லிப் போயிருக்கிறார்.

"அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்டாண்ட பிரவுசிங் சென்டர் வெச்சிகினு கீறாரே ஜானகிராமன், அவரு ஒரு பேரு காமிச்சாரு அண்ணாத்தே. மெட்ராஸ்போல்ட் டாட் காம். மூவாயிரம் ஆவுமாம். வாங்கலாமா வேணாமான்னு நீதான் பாத்துச் சொல்லணும்."

"நானா?"

"நீதான். எனுக்கு வேற யாரு கீறாங்க?"

டாட் காம் என்றால் கறுப்பா சிவப்பா என்று தெரியாது என்பதை அந்த நேரத்தில் சொல்வேனா? "ஒரு வாரம் டைம் குடு. அலசிட்றேன்" என்றேன்.

ஜானகிராமன் மெதுவாகப் பேசுகிற மனிதர். மோடம் கீச்சுமூச்சென்று கத்தி ஓய்ந்ததும் அந்தப் பெயரைத் தட்டிக் காட்டினார்.

"பாருங்க, இது யார் பேர்லயும் இல்ல."

"யார் பேர்லயும் இல்லன்னா இன்னா சார்? பொறம்போக்கா?"

"அப்படியில்ல. இதுவரைக்கும் யாருக்கும் தோணல. மொதல்ல பணம் கட்றவங்களுக்குச் சொந்தம்."

"கிரயமா?"

"ரெண்டு வருஷத்துக்கு. அப்புறம் மறுபடியும் கட்டணும்."

"அப்ப குத்தகைன்னு சொல்லு. பக்கத்து மனை யாருது?"

கொஞ்சம் யோசித்தார். "பக்கத்துலன்னா... டாட் நெட்னு ஒண்ணு உண்டு. அதுவும் காலிதான்."

"நாளைக்கு ஒருத்தன் அதுல வந்து குந்திகினு, இதே பேர்ல போல்ட்டு வித்தா?"

ஜானகிராமன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "சரியான கேள்வி" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. இந்தத் தொழிலும் நம் தொழில்தான் போலிருக்கிறது!

கிளம்பும்போது அவர் சொன்னார்: "இன்னிக்கே வாங்கிடுங்க. வெளியில யார்கிட்டயும் இந்தப் பேரச் சொல்லாதீங்க. வேற யாராவது எடுத்துட்டா அவ்வளவுதான்."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. 'இன்னிக்கே அட்வான்ஸ் குடுங்க, வேற பார்ட்டி ரெடியா கீது' என்று நான் எத்தனை ஆயிரம் பேரிடம் விட்டிருப்பேன்! அதை என்னிடமே விடுகிறாரே மனுஷன். சரி சரி என்று தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

மறுநாள் காலை ஆவடியில் லோக்கல் ஏறினேன். சென்ட்ரல் போவதற்குள் ஒன்பது பேரிடம் பேச்சுக் கொடுத்து, நடுவில் மெட்ராஸ்போல்ட் டாட் காம் என்று ஒரு தபா சொல்லிவைத்தேன். சாயங்கால வண்டியில் அதே ஆட்களைத் தேடிப் பிடித்து, காலையில் சொன்ன பெயர் என்ன என்று கேட்டேன். ஏழு பேர் பிசகாமல் சொன்னார்கள். ஒருவர் பூட்டுக் கடையா என்றார். இன்னொருவர், நான் ஏதோ சீட்டுக் கம்பெனிக்கு ஆள் பிடிக்கிறேன் என்று பயந்து அடுத்த பெட்டிக்கு மாறிவிட்டார். ஒன்பதுக்கு ஏழு என்றால் கார்னர் மனை. யாருக்கும் வழி சொல்ல வேண்டாம். மெட்ராஸைச் சென்னை ஆக்கி மூன்று வருஷம் ஆகிறதே என்று ஒரு உறுத்தல் இருந்தது. சிங்கப்பூர்க்காரருக்கு மெட்ராஸ்தானே தெரியும் என்று அதையும் தள்ளினேன்.

ஆக, பெயர் நல்ல பெயர். அன்றைக்கே போய் வாங்கித் தொலைக்க வேண்டியதுதானே என்பீர்கள். கண்ணை மூடினால் கொக்கு நிற்கிறதே, நான் என்ன செய்ய? இந்த முறை பத்மாவுக்கு ஒரு தூசு வில்லங்கம்கூட வரக்கூடாது. அதனால் ஒரு நல்ல புரோக்கர் என்ன செய்வானோ அதைச் செய்தேன். வக்கீல் பாஸ்கரனிடம் போனேன்.

"எந்த சப்-ரிஜிஸ்ட்ரார் எல்லையில வருது?" என்றார் வக்கீல்.

"ஆகாயத்துல" என்றேன்.

மனுஷன் மறுபேச்சு பேசாமல் ஃபீஸை வாங்கிக்கொண்டு எழுதினார். வெள்ளிக்கிழமை பேப்பரில், காணாமல் போன பத்திரங்களுக்கு நடுவே, கட்டம் கட்டி வந்தது: 'இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில், மெட்ராஸ்போல்ட் டாட் காம் என்னும் பெயரை எமது கட்சிக்காரர் வாங்க உத்தேசித்துள்ளார். அதில் பாத்தியதையோ ஆட்சேபணையோ உள்ளவர்கள் பதினைந்து தினங்களுக்குள் தக்க ஆதாரத்துடன் தெரிவிக்கவும்.'

பதினைந்து நாளில் மூன்று பேர் வந்தார்கள். திருநின்றவூர்க்காரர் ஒருவர் அதில் தன் பாட்டனுக்குக் கால் பங்கு உண்டு என்றார். ஒருவர் அப்ரூவ்டா என்று கேட்டார். ஒரு அம்மாள் போர் போட்டால் எத்தனை அடியில் தண்ணீர் வரும் என்று விசாரித்தார். வேறு ஒரு ஆட்சேபணையும் இல்லை. கண்ணாடி மாதிரி சுத்தமான டைட்டில்! பதினாறாம் நாள் மூவாயிரத்தை வெற்றிலை பாக்கோடு மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு ஜானகிராமன் முன்னால் போய் உட்கார்ந்தேன்.

"போச்சே வேம்புலி" என்றார். "நோட்டீஸ் வந்த அன்னிக்கே எடுத்துட்டாங்களே!"

"எவன் சார் அவன்?"

"அத நான் சொல்லக் கூடாது."

எஸ்டேட்டுக்கு டிவிஎஸ் ஃபிப்டியில் போகிற வழியெல்லாம் தயார் பண்ணினேன். ஜானகிராமன் அழுத்திச் சொல்லவில்லை. வக்கீலுக்கு விஷயம் தெரியவில்லை. பேப்பர்க்காரன் தேவையில்லாமல் கொட்டை எழுத்தில் போட்டுவிட்டான். எல்லாம் வாயில் வரிசையாக நின்றது. ஷெட்டில் பத்மா மரை போடும் மிஷின் முன்னால், முழங்கை வரை எண்ணெயோடு நின்றாள். என்னைப் பார்த்ததும், "இன்னா அண்ணாத்தே, முடிஞ்சுதா?" என்றாள். அந்த முகத்தைப் பார்த்து ஒன்றும் வரவில்லை.

"என் தப்பு பத்மா" என்றேன். "யார்கிட்டயும் சொல்லாதன்னு அந்தாளு அப்பவே சொன்னாரு. நாந்தான் கேக்கல. ஊருக்கெல்லாம் சொன்னேன். பேரு பூடுச்சு. வேற யார் மேலயும் தப்பில்ல. நாந்தான்."

அவள் மிஷினை நிறுத்தினாள். வேஸ்ட் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு, மேசை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள். இங்கிலீஷில் என்னென்னவோ இருந்தது. நடுவில் அவள் பெயர் மட்டும் எனக்குப் படிக்கத் தெரிந்தது.

"பேப்பர்ல பாத்ததும் காப்பி கூட குடிக்காம ஓடிப் போயி வாங்குனேன். ஊருக்கே தமுக்கு அடிச்சிட்டியே, பாவி! சொல்லிடாதீங்கன்னு ஜானகிராமன் சார்கிட்டயும் நாந்தான் சொன்னேன்."

"அடிப்பாவி! பதினஞ்சு நாளா வாயத் தொறக்கலியே! எனுக்கு உசுரே பூடுச்சு, தெரியுமா?"

"நீ வந்து இன்னா சொல்றேன்னு பாக்கணும் போல இருந்துச்சு" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. "அந்த மனைக்கு ஒரு தபா இப்பிடி வந்து சொல்லியிருந்தா போதும் அண்ணாத்தே. எட்டு வருசமா பாத்துகினு இருந்தேன்."

சொல்லிவிட்டு, திரும்பி மிஷினைப் போட்டுவிட்டாள்.

"அதுவும் என் தப்புதான்" என்றேன். மிஷின் சத்தத்தில் அவள் காதில் விழுந்ததோ என்னவோ. கிட்டப் போய் இன்னொரு தரம் கத்திச் சொன்னேன். பக்கத்து ஷெட்காரர்கள் வேலையை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.