கடைசியில் கண்ட கோள்

கோளரங்கத்தின் புது அறையில், மர உருண்டைகளுக்குப் பெயர் எழுதிக்கொண்டிருந்தாள் பெயிண்டர். நடுவில் தூரத்து நட்சத்திரம் ஒன்று, அதைச் சுற்றி மூன்று கோள்கள். நாளைக் காலை திறப்பு.

அடுத்த மாதம் அவளுக்கும் இங்கே காட்சிக்கு விளக்கம் சொல்பவருக்கும் கல்யாணம். மனைவியை இழந்தவர், பன்னிரண்டு வயதில் ஒரு மகள். அந்தப் பெண் இன்னும் இவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவள் மனசு வைக்காமல் அந்த வீட்டுக்குள் கால் வைப்பதில்லை என்று பெயிண்டர் தனக்குள் முடிவு செய்திருந்தாள்.

அப்பா உள்ளே காட்சி நடத்திக்கொண்டிருக்க, பள்ளி விட்டு வந்த மகள் வாசலில் வந்து நின்றாள்.

"தப்பா எழுதியிருக்கீங்க."

பெயிண்டர் திரும்பினாள். "எதும்மா?"

"உள்ளேயிருந்து பி, சி, டின்னு வரிசையா போட்டுட்டீங்க. டிதான் ரொம்பக் கிட்ட. பி கடைசி. நடுவுல சி மட்டும் தப்பிச்சுது."

"கிட்ட இருக்கறதுக்குத்தானே முதல் எழுத்து?"

"இல்ல, முதல்ல கண்டுபிடிச்சதுக்கு."

"சரி, ஏ எங்க போச்சு?"

"அது நட்சத்திரத்துக்கு."

"நல்லா வெச்சாங்க போ பேரு! இவங்களை வீட்டு நம்பர் போடச் சொன்னா தபால்காரர் வேலையை விட்டே ஓடிருவார்."

மகள் சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. துணியை டர்பன்டைனில் நனைத்து, வெளிக்கோளின் எழுத்தைத் துடைத்தாள். உள்கோளுக்கு வந்ததும் கை நின்றது.

"கடைசியா வந்தது இவ்வளவு கிட்ட போயிட்டா, முதல்ல இருந்தது என்ன ஆகும்?"

பார்வை உருண்டையில் இருந்தது. கேள்வி அங்கே இல்லை. பெயிண்டர் தூரிகையைக் கீழே வைத்தாள்.

"ஒண்ணும் ஆகாது. அதோட எழுத்தை வேற எதுக்காவது கொடுப்பாங்களா?"

"மாட்டாங்க."

"அந்த வீட்லயும் அப்படித்தான். உங்க அம்மாவோட போட்டோ, அலமாரி, எல்லாம் இருக்கற இடத்துலயே இருக்கும். அம்மாங்கற பேரும் அவங்களுக்குத்தான். எனக்கு வேணாம்."

மகள் உள்கோளைத் துடைக்கத் தொடங்கினாள். எழுத்து முழுசாக அழிந்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"அப்போ உங்களை என்னன்னு கூப்பிடறது?"

"உன் வாயில எது வருதோ அது. அவசரமே இல்ல."

"யோசிச்சுச் சொல்றேன்."

காட்சி முடிந்து அப்பா எட்டிப் பார்த்தார். இருவரையும் ஒன்றாகக் கண்டு அவர் வாய் திறப்பதற்குள் மகள் முந்திக்கொண்டாள்.

"அப்பா, உள்ள வராதீங்க! நாளைக்குள்ள முடிக்கணும். எங்களுக்கு நிறைய வேலை இருக்கு."

பெயிண்டர் குனிந்து, கலக்கத் தேவையே இல்லாத டப்பாவைக் கலக்கத் தொடங்கினாள்.